பூமியா, செவ்வாயா, வெள்ளியா, டைட்டனா: காஸ்மிக் கதிர் ப்ராஜெக்டுக்கு எதை எடுக்கலாம்?

காஸ்மிக் கதிரும் சூரியத் துகளும் ஒரு கிரகத்தோட வளிமண்டலத்துல என்ன பண்ணுதுனு ப்ராஜெக்ட் பண்ண ஆசைப்படுறவங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. எந்தக் கிரகம்? பூமின்னா எல்லாரும் பண்ணி முடிச்சுட்டாங்கனு தோணும், செவ்வாய்க்கு டேட்டா இருக்குனு ஒருத்தர் சொல்வாரு, வெள்ளிக்குக் காந்தப்புலமே இல்ல ஈசியா இருக்கும்னு இன்னொருத்தர் சொல்வாரு, சனியோட நிலாவான டைட்டன் பேரைக் கேட்டாலே மனசு அங்க ஓடும். மூணு மாசம் உழைச்சுட்டு அப்புறம் கிரகத்தை மாத்தினவங்களைப் பாத்திருக்கேன், அந்த நிலைமை உங்களுக்கு வரக்கூடாதுனுதான் இவ்ளோ விரிவா எழுதறேன்.

என் கருத்தை இப்பவே சொல்லிடறேன். நீங்க போடப்போற கணக்கை அந்தக் கிரகத்துல நிஜமாவே அளந்த ஒரு எண்ணோட வச்சுப் பாக்க முடியுமா, இதுதான் முதல் கேள்வி, சுவாரசியம் புதுமை எல்லாம் அதுக்கப்புறம்தான். ஒத்துப் பாக்க ஒண்ணுமே இல்லாத இடத்துல நம்ம சிமுலேஷன் சரியா தப்பானு நமக்கே தெரியாது, அந்த நிலைமையில ஆறு மாசம் ஓட்டுறது ரொம்பக் கஷ்டம்.

## முதல்ல மூணையும் பிரிச்சுக்கலாம்

நிறைய பேர் சூரியக் காத்து, சூரியத் துகள், காஸ்மிக் கதிர் மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க, கிரகம் தேர்ந்தெடுக்கும்போது தப்பு ஆரம்பிக்கிறதே இங்கதான்.

சூரியக் காத்து எப்பவும் வீசிக்கிட்டே இருக்கறது, அதுல வர்ற புரோட்டான்களுக்கு ஆற்றல் ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுதான் (எலக்ட்ரான் வோல்ட்ங்கறது துகளோட ஆற்றலுக்கு அலகு, கிலோவை விட மெகா ஆயிரம் மடங்கு, மெகாவை விட கிகா ஆயிரம் மடங்கு), அதனால வளிமண்டலத்தோட உச்சியிலயே நின்னுடும். அது மேல இருக்கற வாயுவை அடிச்சுட்டுப் போகும், உள்ளே இறங்காது.

சூரியத் துகள்ங்கறது பெரிய வெடிப்பு நடக்கும்போது வர்ற வெள்ளம். பெரும்பாலும் புரோட்டான், ஆற்றல் பத்து இருபது மெகா எலக்ட்ரான் வோல்ட்ல ஆரம்பிச்சு அபூர்வமா ஒண்ணு ரெண்டு கிகா வரைக்கும் போகும். சில மணி நேரம், சில நாள், அவ்ளோதான்.

காஸ்மிக் கதிர் சூரிய மண்டலத்துக்கு வெளியில இருந்து வர்றது, சுமார் 90 சதவீதம் புரோட்டான், 9 சதவீதம் ஹீலியம், மிச்சம் கனமான அணுக்கரு. மழைத் தூறல் மாதிரி விடாம விழுந்துக்கிட்டே இருக்கும், ஆனா ஒவ்வொரு துளியும் கிகா எலக்ட்ரான் வோல்ட் கணக்குல. சூரியன் சுறுசுறுப்பா இருக்கும்போது இது குறையும், அமைதியா இருக்கும்போது கூடும், 11 வருஷ சுழற்சிக்கு நேர் எதிர்.

ஒரு உதாரணம் பாத்தா வித்தியாசம் பளிச்சுனு தெரியும். பூமியில 10 மெகா புரோட்டான் சுமார் 65 கி.மீ. உயரத்துலயே நின்னுடும், 100 மெகா புரோட்டான் 30 கி.மீ. சுத்துவட்டாரம் வரைக்கும் இறங்கும், தரையில இருக்கற கருவிக்கே தெரியணும்னா ஏறக்குறைய 500 மெகா வேணும். செவ்வாய்லயோ சுமார் 150 மெகா இருந்தாலே தரை வரைக்கும் வந்துடும். ஒரே சூரிய வெடிப்பு, ரெண்டு கிரகத்துல ரெண்டு விதமான கதை.

## எதை வச்சு முடிவு பண்றது

நான் பாக்கறது இவ்வளவுதான்: அளந்த டேட்டா இருக்கா, அது எல்லாருக்கும் கிடைக்குமா. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எவ்ளோ கத்துக்கணும். காந்தப்புலம் எவ்ளோ தலைவலி குடுக்கும். காஸ்மிக் கதிர், சூரியத் துகள் ரெண்டோட விளைவும் தனித்தனியாத் தெரியுமா. கேள்வி இன்னும் திறந்திருக்கா.

தலைக்கு மேல எவ்ளோ காத்து இருக்குங்கறதையும் மனசுல வச்சுக்கோங்க, பாதி இயற்பியல் அந்த ஒரு எண்ணுக்குள்ளதான் இருக்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மேல பூமியில சுமார் 1030 கிராம், செவ்வாய்ல 20 கிராம் பக்கம், டைட்டன்ல பூமியைப் போல 10 மடங்கு, வெள்ளியில 100 மடங்கு.

## பூமி

டேட்டா விஷயத்துல பூமியை அடிச்சுக்க ஆளே இல்ல. காஸ்மிக் கதிரால காத்துல பிறக்கற நியூட்ரானைத் தரையில உக்காந்து எண்ணற கருவிதான் நியூட்ரான் மானிட்டர், ஃபின்லாந்துல ஊலுவில இருக்கறது 1964-ல இருந்து ஓடுது, உலகம் பூரா இருக்கற இந்த மாதிரி நிலையங்களோட டேட்டா என்எம்டிபி தளத்துல இலவசமாக் கிடைக்குது, சூரியப் புரோட்டானுக்கு கோஸ் செயற்கைக்கோள் இருக்கு, ஓசோனுக்கு ஆரா செயற்கைக்கோள் இருக்கு. ஜப்பான்ல பண்ணின எக்ஸ்பாக்ஸ் (EXPACS)னு ஒரு எக்ஸெல் கோப்பு இருக்கு, இடம், உயரம், தேதி குடுத்தா அங்க எவ்ளோ நியூட்ரான், எவ்ளோ மியூயான் (காஸ்மிக் கதிர் காத்துல மோதும்போது பிறக்கற இன்னொரு துகள்) இருக்குனு சொல்லிடும், கோடிங் தெரியாதவங்க கூட முதல் நாளே ஒரு வரைபடம் போட்டுடலாம்.

என்னென்ன நடக்குதுனு பாத்தா காஸ்மிக் கதிர் மேல இருந்து இறங்கும்போது மோதி மோதி துகள் மழையாப் பெருகி, 18-20 கி.மீ. உயரத்துல உச்சம் தொடும். வழியில பிறக்கற நியூட்ரான் நைட்ரஜனோட சேர்ந்துதான் கார்பன்-14 உருவாகுது. மரத்தோட வருட வளையத்துல 774-775 வருஷத்துக்கு கார்பன்-14 திடீர்னு எகிறியிருக்கறதை ஜப்பானைச் சேர்ந்த ஃபூசா மியாகே குழு 2012-ல கண்டுபிடிச்சாங்க, நவீன கருவிகள் பாத்த எந்த சூரிய வெடிப்பை விடவும் பெரிசு அது.

சூரியத் துகள் பக்கம் வேதியியல். புரோட்டான் துருவப் பகுதியில உள்ள இறங்கி ஹைட்ரஜன் ஆக்சைடுகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும், ரெண்டுமே ஓசோனை அழிக்கும், ஆனா முதல் வகை சில மணி நேரத்துல போயிடும், ரெண்டாவது வகை துருவத்துக் குளிர்கால இருட்டுல மாசக்கணக்குல தங்கி மெதுவாக் கீழ இறங்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் டேட்டாவுல காட்டினாலே அழகான ப்ராஜெக்ட்.

இப்ப மறைஞ்சிருக்கற செலவு. முதலாவது காந்தப்புலம். நிலநடுக்கோட்டுப் பக்கம் 15 கிகா வோல்ட்டுக்கு (காந்தப்புலம் துகளை வளைக்கறது எவ்ளோ கஷ்டம்ங்கறதுக்கான அளவு இது) கீழ இருக்கற துகள் கிட்டத்தட்ட வரவே வராது, துருவத்துல அந்தத் தடை ஏறக்குறைய பூஜ்யம். அதனால இடத்துக்கு இடம் கணக்கு மாறும், அந்தத் தடையைச் சரியாப் போடறதுக்கே சில வாரம் போயிடும்.

ரெண்டாவது காத்தழுத்தம், இதுல நானே அடி வாங்கியிருக்கேன். ஒரு நியூட்ரான் மானிட்டரோட மணிக்கணக்கு டேட்டாவை இறக்கி வரைஞ்சேன், ஒரு நாள்ல எண்ணிக்கை 7 சதவீதம் போல ஏறி அடுத்த நாள் இறங்கியிருந்தது, சூரியத் துகள் வந்துடுச்சுனு நம்பி ரெண்டு வாரம் அதைச் சுத்தியே எழுதினேன். அப்புறம் பக்கத்து நெடுவரிசையில இருந்த அழுத்தத்தைப் பாத்தா அதே நேரத்துல 10 ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சிருக்கு. ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சா நியூட்ரான் சுமார் 0.7 சதவீதம் கூடும், அதாவது நான் பாத்தது சூரியனை இல்ல, அந்த ஊர் மேல போன தாழ்வழுத்தத்தை. அழுத்தம் திருத்தின நெடுவரிசை தனியா இருக்கும், அதைத்தான் எடுக்கணும். இதைப் படிக்கற யாரும் அந்த ரெண்டு வாரத்தை இழக்க வேணாம்.

மூணாவது தேதிப் பொருத்தம். 2003 அக்டோபர்-நவம்பர் சூரியப் புயல் ரொம்பப் பிரபலம், எல்லாரும் அதையே எடுக்கப் பாப்பாங்க, ஆனா ஆரா செயற்கைக்கோள் ஏவினதே 2004 ஜூலையிலதான், அதனால அந்தப் புயலுக்கு ஆரா ஓசோன் டேட்டா இல்ல. 2005 ஜனவரி நிகழ்வை எடுத்தீங்கனா ஆராவும் இருக்கு, 20-ம் தேதி தரை வரைக்கும் வந்த பெரிய துகள் ஏற்றமும் இருக்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். காஸ்மிக் கதிர் மேகத்தை உண்டாக்கி பருவநிலையை மாத்துதாங்கற கேள்வியை மூணு மாச ப்ராஜெக்டா எடுக்காதீங்க. 1997-ல டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தொடர்பைச் சொன்னாங்க, அதைச் சோதிக்கறதுக்குனே ஐரோப்பாவோட துகள் ஆராய்ச்சிக் கூடமான செர்ன்ல க்ளவுட்னு ஒரு சோதனைக் கூண்டு கட்டி வருஷக்கணக்கா அளந்தாங்க, 2016-ல வந்த முடிவு என்னன்னா மேகத்துளிக்கு விதையாகற தூசுத் துகள் உண்டாக அயனிகள் உதவுது, ஆனா இன்னிக்கு இருக்கற வளிமண்டலத்துல காஸ்மிக் கதிர் ஏறி இறங்கறதால பருவநிலை சொல்லிக்கற அளவுக்கு மாறலங்கறதுதான். ரெண்டு வரைபடத்தை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஒட்டுறவு கண்டுபிடிக்கறது ரொம்ப ஈசி, அதுலதான் ஆபத்தே இருக்கு.

மின்சாரம் பிடிச்சவங்களுக்கு இடிமேகம் இருக்கு. ஊட்டியில இருக்கற கிரேப்ஸ்-3 மியூயான் தொலைநோக்கி 2014 டிசம்பர் 1-ல ஒரு இடிமேகம் கடந்தப்போ மியூயான் எண்ணிக்கை எவ்ளோ குறைஞ்சதுனு பாத்து, அந்த மேகத்துக்குள்ள சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததுனு கணக்கிட்டாங்க. காஸ்மிக் கதிரையே அளவுகோலா வச்சு வளிமண்டலத்தை அளந்திருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது.

## செவ்வாய்

என்னைக் கேட்டா முதல் சிமுலேஷன் ப்ராஜெக்டுக்கு செவ்வாய்தான். காரணம் ஒரே ஒரு கருவி, நாசாவோட க்யூரியாசிட்டி ஊர்தியில இருக்கற ராட். 2012 ஆகஸ்ட்ல இறங்கினதுல இருந்து இன்னொரு கிரகத்தோட தரையில உக்காந்து கதிர்வீச்சை அளந்த முதல் கருவி அது. முதல் வருஷம் அது சொன்ன அளவு ஒரு நாளைக்கு சுமார் 0.64 மில்லிசீவெர்ட் (உடம்பைப் பாதிக்கற கதிர்வீச்சோட அலகு). பூமியில இயற்கையா ஒரு மனுஷனுக்கு வருஷம் பூரா கிடைக்கறது உலகச் சராசரியா 2.4 மில்லிசீவெர்ட், அதாவது செவ்வாய்ல நாலே நாள்ல நம்ம ஒரு வருஷக் கணக்கு தாண்டிடும். உங்க கணக்குல 0.6 பக்கம் வருதா? வந்தா நீங்க சரியான வழியில போறீங்க, 3 வந்தா எங்கயோ தப்பு. இந்த நிம்மதி வேற எங்கயும் கிடைக்காது.

கிரகம் பூராவுக்குமான காந்தப்புலம் இல்ல, தெற்குப் பாறைகள்ல அங்கங்க ஒட்டியிருக்கற பழைய காந்தம் மட்டும்தான், காஸ்மிக் கதிரோட ஆற்றலுக்கு அது பெரிய தடை இல்ல. அதனால பூமியில இருந்த முதல் தலைவலி இங்க கிடையாது.

நான் ரொம்ப ரசிச்ச ஒரு விஷயம் சொல்றேன். ராட் காட்டற அளவு தினமும் கொஞ்சம் ஏறி இறங்கும், சில சதவீதம்தான். பகல் வெயில்ல காத்து சூடாகி விரியறதால ஊர்தி இருக்கற பள்ளத்துல அழுத்தம் ஒரு நாளைக்குள்ளயே 10 சதவீதம் போல மாறும், அழுத்தம் ஏறினா கதிர்வீச்சு இறங்கும், அழுத்தம் இறங்கினா இது ஏறும். வளிமண்டலம் மூச்சு விடறதை ஒரு கதிர்வீச்சுக் கருவி வழியாப் பாக்கற மாதிரி இருக்கும். குளிர்காலத்துல துருவத்துல கார்பன் டை ஆக்சைடு உறைஞ்சு போறதால வருஷத்துக்குள்ளயும் அழுத்தம் நல்லாவே மாறும், அதையும் சேர்த்துப் பாத்தா ஒரு முழு ப்ராஜெக்ட் கையில இருக்கு.

சூரியத் துகள் பக்கமும் செவ்வாய் பணக்கார வீடு. 2017 செப்டம்பர் 10 வெடிப்புல தரையில அளவு ரெண்டு மடங்குக்கு மேல போச்சு, செவ்வாயைச் சுத்தின நாசாவோட மேவன் விண்கலம் அப்ப கிரகம் பூரா பரவின துருவ ஒளியை அதுக்கு முன்னாடி பாத்த பிரகாசத்தை விட 25 மடங்குக்கும் மேல பாத்தது. அதே நேரத்துல இன்னொரு விண்கலமான மார்ஸ் எக்ஸ்பிரஸ்ல இருந்த மார்சிஸ் ரேடாருக்குத் தரையில இருந்து எதிரொலியே வரல, ஏறக்குறைய பத்து நாள், ஏன்னா துகள்கள் வழக்கத்தை விடத் தாழ்வா ஒரு அயனி அடுக்கை உண்டாக்கி ரேடியோ அலையை விழுங்கிடுச்சு. 2024 மே 20 வெடிப்பு வந்தப்போ தரையில 8100 மைக்ரோகிரே (ஒரு பொருள் உறிஞ்சற கதிர்வீச்சோட அலகு) பதிவாச்சு, ராட் பாத்ததுலயே பெரிய எகிறல்.

மறைஞ்ச செலவு இங்கயும் இருக்கு. சிமுலேஷனுக்கு செர்னோட ஜியண்ட் 4-ங்கற மென்பொருளைக் கத்துக்கணும், அது சி ப்ளஸ் ப்ளஸ், புதுசா வர்றவங்களுக்கு ஒரு மாசமாவது ஆகும், அதைத் திட்டத்துல சேர்த்துடுங்க. வளிமண்டலம் மெலிசா இருக்கறதால துகள் தரையை அடிச்சு நியூட்ரான் திரும்ப மேல வரும், அதனால மண்ணையும் மாடல்ல வைக்கணும், மண்ணுல எவ்ளோ நீர் இருக்குங்கறது கூட நியூட்ரான் கணக்கை மாத்தும். இதை விட்டுட்டு வெறும் காத்தை மட்டும் போட்டுட்டு ஏன் ஒத்துவரலனு தவிக்கறவங்க நிறைய.

இன்னொண்ணு, செவ்வாயோட காத்து எப்படிப் போச்சுங்கற பெரிய கேள்விக்கு இந்தத் தலைப்பு நேரடியா பதில் தராது. அங்க முக்கிய வேலை பாக்கறது சூரியக் காத்தும் புற ஊதாவும், ஆர்கான்ல 65 சதவீதம் போல விண்வெளிக்குப் போயிடுச்சுனு மேவன் சொன்னது அந்தப் பக்கத்துக் கதை. காஸ்மிக் கதிரால காத்து போச்சுனு எழுதிடாதீங்க.

## வெள்ளி

ஜியண்ட் 4 ஏற்கனவே கையில இருந்தா வெள்ளியை யோசிக்கலாம், இல்லனா வேணாம். காந்தப்புலம் இல்லாததால உள்ள வர்ற கணக்கு எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், அது சுலபம். காஸ்மிக் கதிரால வர்ற அயனியாக்கம் 60 கி.மீ. உயரத்தைச் சுத்தி உச்சம் தொடுது, அது சரியா கந்தக அமில மேகத்துக்குள்ள, 48-லிருந்து 70 கி.மீ. வரைக்கும் மேகம்தானே அங்க. அந்த அயனிகளால மேகத்துல மின்னேற்றம் எப்படி இருக்கும், மின்னல் வருமாங்கறது இன்னும் திறந்த கேள்வி, அதுல புதுசாச் சொல்ல இடம் இருக்கு.

ஆனா அந்த உயரத்துல அயனியாக்கத்தை நேரடியா அளந்த டேட்டா கிட்டத்தட்ட இல்ல. உங்க எண்ணை இன்னொருத்தரோட மாடல் எண்ணோடதான் ஒப்பிடணும், ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருந்தா தெரியவே தெரியாது. கம்ப்யூட்டர் நேரமும் அதிகம், அவ்ளோ தடிமனான காத்துல துகள் மழை முடியவே நேரமாகும், 40 கி.மீ.க்குக் கீழ நல்ல புள்ளிவிவரம் வேணும்னா நாள்கணக்குல ஓட்டணும்.

## டைட்டன்

வேதியியல்ல உயிரை வச்சிருக்கறவங்களுக்கு டைட்டன். 95 சதவீதம் நைட்ரஜன், மிச்சத்துல பெரும்பகுதி மீத்தேன், அதை ஆற்றலோட அடிச்சா ஹைட்ரஜன் சயனைடுல இருந்து அந்தப் பழுப்புப் புகைமூட்டம் வரைக்கும் வரும். சூரியன்ல இருந்து அவ்ளோ தூரத்துல சூரியத் துகளோட பங்கு ரொம்பச் சின்னது, மேல 1000 கி.மீ.க்கும் அப்பால புற ஊதாவும் சனியோட காந்த மண்டல எலக்ட்ரானும் ஆளுது, கீழே ஆழத்துல காஸ்மிக் கதிர் மட்டும்தான் ராஜா.

ஒத்துப் பாக்க ஒரு பொக்கிஷம் உண்டு. 2005 ஜனவரி 14-ல ஹைஜென்ஸ் கலம் ரெண்டரை மணி நேரம் பாராசூட்ல இறங்கினப்போ மின் கடத்துதிறனை அளந்தது, சுமார் 65 கி.மீ. உயரத்துல ஒரு உச்சம் இருந்தது, அது காஸ்மிக் கதிர் உண்டாக்கின அயனி அடுக்கு. அதை நினைச்சாலே எனக்கு இன்னும் சிலிர்க்கும், எங்கயோ வெடிச்ச நட்சத்திரத்தோட துகள் சனியோட நிலாவுல ஒரு மின் அடுக்கை வச்சிருக்கு, அதை ஒரு பாராசூட் கலம் தொட்டுப் பாத்துட்டுப் போயிருக்கு.

ஆனா ஒரே ஒரு இறக்கம், ஒரே இடம், ஒரே நாள். அதுக்கு மேல அந்த ஆழத்துக்கு எதுவும் இல்ல, அடுத்த கலம் டிராகன்ஃப்ளை 2028-ல கிளம்பி 2034-லதான் போய்ச் சேரும்னு திட்டம். வினைகளோட பட்டியலும் நூத்துக்கணக்குல நீளும், பல வினைகளோட வேகம் அந்தக் குளிருக்கு அளக்கப்படாம இருக்கும். இயற்பியல் மட்டும் தெரிஞ்சவங்க தனியா இறங்கினா திணறிடுவாங்க, வேதியியல் தெரிஞ்ச ஒருத்தர் கூட இருந்தா மட்டும் எடுங்க.

## வெளிக்கோள் எடுக்கலாமா

ப்ராக்ஸிமா பி மாதிரி சிவப்புக் குள்ள நட்சத்திரத்துக் கோள் எடுக்கலாமான்னு ஆசை எல்லாருக்கும் வரும். 2010-ல வந்த ஒரு மாடல்ல, ஏடி லியோனிஸ் நட்சத்திரத்துல 1985-ல பாத்த வெடிப்பு மாதிரி ஒண்ணு புரோட்டானோட சேர்ந்து அடிச்சா பூமி மாதிரி கோளோட ஓசோன் ரெண்டு வருஷத்துல 94 சதவீதம் போயிடும்னு வந்தது. பிரமாதமான முடிவு, ஆனா அந்த நட்சத்திரம் எவ்ளோ புரோட்டான் விடுதுங்கறதே நம்ம சூரியனை வச்சுப் போட்ட ஊகம், ப்ராக்ஸிமா பி-க்கு வளிமண்டலம் இருக்கானே தெரியாது. பூமியோ செவ்வாயோ ஒண்ணு முடிச்சுட்டு ரெண்டாவதா எடுங்க.

## ஒரே பார்வையில

| | பூமி | செவ்வாய் | வெள்ளி | டைட்டன் |
|---|---|---|---|---|
| அளந்த டேட்டா | கொட்டிக் கிடக்கு | தரையிலும் மேலயும் இருக்கு | அந்த உயரத்துல இல்ல | ஒரே ஒரு இறக்கம் |
| முன்னாடி கத்துக்க வேண்டியது | குறைவு | ஜியண்ட் 4 | ஜியண்ட் 4 நல்லாத் தெரியணும் | ஜியண்ட் 4, வேதியியல் |
| காந்தப்புலத் தலைவலி | நிறைய | கொஞ்சம் | இல்ல | சனியோடது, மேல மட்டும் |
| சூரியத் துகள் விளைவு | துருவத்துல தெளிவு | ரொம்பத் தெளிவு | மாடல்ல மட்டும் | சின்னது |
| மறைஞ்ச செலவு | அழுத்தத் திருத்தம், தேதிப் பொருத்தம் | மண், நியூட்ரான் | கம்ப்யூட்டர் நேரம் | வினைப் பட்டியல் |

## யாருக்கு எது

மூணு மாசம்தான் இருக்கு, கோடிங் கொஞ்சம்தான் வரும்னா பூமி, அதுலயும் ஒரே ஒரு நிகழ்வு. ஆறு மாசம் இருக்கு, கோடிங் கத்துக்கத் தயார்னா யோசிக்காம செவ்வாய். ஒரு வருஷம் இருக்கு, வழிகாட்டி அந்தத் துறையிலயே இருக்காருன்னா வெள்ளியும் டைட்டனும் கணக்குல வரும்.

பூமி, செவ்வாய்க்கு நடுவுல இன்னும் முடிவு பண்ண முடியலனா ரெண்டுக்கும் பொதுவா ஒரு நாளை எடுங்க. 2017 செப்டம்பர் 10 அப்படிப்பட்ட நாள், ரெண்டு கிரகத்தோட தரையிலயும் ஒரே வெடிப்பு பதிவாயிருக்கு. பூமியில துருவப் பக்க நியூட்ரான் மானிட்டர்ல சட்டுனு ஏறி சில மணி நேரத்துல இறங்கற ஒரு சின்ன மேடு. செவ்வாய் அப்ப சூரியனுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதனால துகள் சுத்தி வந்து மெதுவா ஏறி நாள்கணக்குல நின்னது, 13-ம் தேதி சூரியன் வீசின பிளாஸ்மா அங்க போய்ச் சேர்ந்ததும் காஸ்மிக் கதிர் தடைப்பட்டு அளவு வழக்கத்தை விடக் கீழ சரிஞ்சது. ரெண்டு கோட்டையும் ஒரே தாள்ல வரைஞ்சுட்டு, எந்தக் கோட்டைப் பாத்து உங்களுக்குக் கேள்வி அதிகமா வருதோ அந்தக் கிரகத்தை எடுத்துக்கோங்க.